ஆயில் ஏறாத எஞ்சின்

படகுத்துறையில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. டாக்டரைக் கட்டிக்கொண்டவள், அவ்வளவுதான். அந்த டாக்டரும் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, படகு எஞ்சின் மெக்கானிக். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மேல் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மூணாவது சிலிண்டருக்கு நெஞ்சுச்சளி" என்பார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றாவதில்தான் கோளாறு இருக்கும். சில நேரம் நான்காவதில் இருக்கும். அப்போதும் அசரமாட்டார். "ஒட்டுவாரொட்டிப்பா. பக்கத்து வீட்டுக்குப் பரவிடுச்சு" என்று கூசாமல் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

கல்யாணமான புதிதில் அவள் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்கு வருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒருநாள் பிரஷ்ஷை எடுத்து மண்ணெண்ணெயில் ஒரு பிஸ்டனைக் கழுவிவைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா என் கண்ணுல படாம எங்கடி இருந்தே?" என்று கேட்டார். அன்று தொடங்கியது. மகள் பிறந்து, பள்ளிக்குப் போய், படிப்பை முடித்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்குவாள், விளக்குப் பிடிப்பாள், கேட்பதற்கு முன்னாலேயே சரியான ஸ்பேனரை நீட்டுவாள். ஆனால் எதையும் மாட்டமாட்டாள். "கழுவுறது நீ, மாட்டுறது நான். இதுல மட்டும் சண்டை கூடாது" என்பார் அவர். மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டார்கள்.

அந்த எஞ்சின் ஆறு சிலிண்டர் டீசல். எதிரே இருக்கும் தீவுக்கு அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிப்போகும் படகுடையது. பேரிங் தேய்ந்து, கிராங்க் தண்டு கோடு விழுந்து வந்திருந்தது. தண்டைக் கடைசல் பிடித்து, எல்லா பேரிங்கையும் புதிதாகப் போட்டு, டாக்டர் அதைத் திரும்பப் பூட்டினார். கொட்டகையின் நடுவில் இரும்புத் தாங்கிமேல் அது புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணாமல் செல்ஃப் மட்டும் அடித்து, உள்ளே எல்லா இடத்துக்கும் ஆயிலை ஏற்றிவிட்டு, அதன் பிறகு முதல் தடவை ஓடவிடவேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அன்று முற்பகல், ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேன் அவர் கையிலிருந்து நழுவியது. தரையெல்லாம் ஆயில்.

"என்னங்க, கையில வெண்ணெயா தடவியிருக்கீங்க?" என்றாள்.

அவர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எஞ்சினுக்கு அடியில் எதையோ பார்க்கப்போகிறவர் மாதிரி மெதுவாகக் குனிந்து, அப்படியே ஆயிலில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய தம்பி வாசலிலிருந்தே, "டாக்டர் விழுந்துட்டாரு! டாக்டர் விழுந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினான். உள்ளேயிருந்த நர்சுகள் அத்தனை பேரும் பதறிப்போய், "எந்த டாக்டர்? எந்த டாக்டர்?" என்று கூடிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிரீஸ் படிந்த கால்சட்டையோடு ஒருவர் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. பிற்பாடு தம்பி இதைச் சொல்லும்போது அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், பிறகு அழுகையாகி, அதுவும் நிற்காமல் போனதால் அவன் அப்புறம் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "வேணாம்."

சோற்றை நீட்டினால் "வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பார். மகள் வேலைக்குக் கிளம்பும்போது வாஞ்சையோடு "வேணாம்" என்பார். படுக்கை நனைந்துவிட்டால் அழுகிற குரலில் வேணாம், கொசு கடித்தால் அதட்டுகிற குரலில் வேணாம். குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் பழையபடி அப்படியே இருந்தது. அதுதான் கொடுமை. அடுத்த அறையிலிருந்து கேட்டால் யாரோ நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர், "நாம சொல்றதுல கொஞ்சம் புரியலாம், கொஞ்சம் புரியாமப் போகலாம். பேசிக்கிட்டே இருங்க" என்றார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

படகுக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பெரிய உருவம், சின்னக் குரல். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தீவுல ஆளுங்க ஓயாம போன் பண்றாங்க. எஞ்சினை அப்படியே தூக்கிட்டுப்போய் வேற இடத்துல குடுத்துடலாமான்னு..."

"எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே. ஆயில் ஏத்தி ஸ்டார்ட் பண்றதுதான் பாக்கி. அவர் முடிச்ச எஞ்சினுக்கு வேற ஒருத்தன் பேர் வாங்கிட்டுப் போகணுமா?"

"யாரு ஸ்டார்ட் பண்ணுவா?"

"நான் பண்றேன்" என்றாள்.

டாக்டரின் தம்பி வெல்டர். இரும்பை ஒட்டத் தெரியும், வெட்டத் தெரியும், எஞ்சின் தெரியாது. ஆனால் கூப்பிட்டவுடன் லீவு போட்டுவிட்டு வந்தான். டீசல் உள்ளே போகாமல் இருக்க, டீசல் பம்ப்பின் லீவரை இழுத்துக் கம்பியால் கட்டினார்கள். அவள் மீதி ஆயிலை ஊற்றி அளவைப் பார்த்தாள். பேட்டரியை மாட்டினாள். ஆயில் அழுத்தம் காட்டும் பெரிய மீட்டரைத் துடைத்து, கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"அடி தம்பி."

செல்ஃப் முனகியது. எஞ்சின் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. மீட்டரின் முள் அசையவில்லை. கொஞ்சம் நிறுத்தி, செல்ஃப் சூடு ஆறவிட்டு, மறுபடியும் அடித்தார்கள். முள் ஆணி அடித்துவைத்த மாதிரி பூஜ்யத்திலேயே நின்றது.

"மீட்டர் செத்துப்போச்சோ என்னவோ அண்ணி."

மீட்டருக்கு வரும் சின்னக் குழாயை அவள் கழற்றினாள். மறுபடி அடிக்கச் சொன்னாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு ஆயில்கூட வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தாள். உலர்ந்த விரல்.

"ஃபில்டர் காலியா இருந்தா ஆயில் பம்ப் மேல இழுக்க நேரமாகும்னு சொல்வாரு" என்று ஃபில்டரைக் கழற்றி, அதில் ஆயில் நிரப்பி, மறுபடி திருகினாள். செல்ஃப் அடித்தார்கள். பேட்டரி களைத்துப்போனது. வேறு பேட்டரி கொண்டுவந்தார்கள். அதுவும் களைத்துப்போனது.

வெல்டர் எஞ்சினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "டேய், எங்க அண்ணன் உன்னைத் தொட்டுத் தொட்டு வளர்த்தாருடா. ஒரு வாய் குடிச்சாத்தான் என்னடா?" என்று கெஞ்சினான். பிறகு அவளைப் பார்த்தான். "அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? லீவரை விட்டுட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிடுவோம். வேகமா ஓடினா தானா ஏறிடும்."

"ஏறலேன்னா?"

"உடனே நிறுத்திடலாம்."

"நீ நிறுத்தறதுக்குள்ள பேரிங் எல்லாம் தேய்ஞ்சு தண்டோட ஒட்டிக்கும். அவரு உசிரைக் குடுத்துப் பண்ணினது, தம்பி." குரல் உயர்ந்துவிட்டது. "லீவர்மேல கை வச்சே, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

அவன் கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

மறுநாள் அவள் செடிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கிவந்தாள். டாக்டர் ஒருமுறை இதைச் செய்து அவள் பார்த்திருக்கிறாள். எஞ்சின் பக்கவாட்டில், பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் பெரிய பாதையில் ஒரு மூடியைக் கழற்றி, அங்கே ஸ்பிரேயரின் டியூபைப் பொருத்தினார்கள். உள்ளே ஆயில் ஊற்றி வெல்டர் காற்றடித்தான். முள் துள்ளிக்கொண்டு எழுந்தது. மேலே, வால்வு ஆடும் இடத்தில் ஆயில் கசிந்து பளபளவென்று வழிந்தது.

"ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" என்று வெல்டர் குதித்தான்.

"வெளியிலேர்ந்து குடுத்தா ஏறுது. அது தானா இழுக்கமாட்டேங்குது" என்றாள். ஆனாலும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாதை நன்றாக இருக்கிறது. பேரிங் நனைந்துவிட்டது. கோளாறு அதற்கு முன்னால், பம்ப்புக்கும் இந்தப் பாதைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஆயில் அதிகமாக அழுத்தினால் திறந்துவிடுகிற வால்வைக் கழற்றிப் பார்த்தாள். ஸ்பிரிங் சரியாக இருந்தது, வால்வு வழவழவென்று நகர்ந்தது.

"ஃபில்டர் உக்காந்திருக்கே, அந்த ஹெட்டையும் கழட்டிப் பாக்கலாமா?" என்றான் வெல்டர்.

"அது அவர் மாட்டினது. நான்தான் பக்கத்துல விளக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"எல்லாமே அவர் மாட்டினதுதானே அண்ணி?"

"பம்ப்பு அவர் பண்ணினதில்ல. கடையிலேர்ந்து வந்தது. கடைக்காரன் தப்பு பண்ணியிருப்பான்" என்றாள்.

ஆனால் பம்ப்பைப் பார்க்கவேண்டுமென்றால் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியையே கழற்றவேண்டும். லேசுப்பட்ட வேலை இல்லை. அன்று சாயங்காலம் அவள் பழைய சாமான் பெட்டியைக் கிளறி, இதே எஞ்சினிலிருந்து கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங், வளைந்த உறிஞ்சு குழாய், பம்ப்பின் தேய்ந்த பல்சக்கரம் ஆகியவற்றைக் கழுவி, பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஆயில் ஏறலங்க. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். எதுன்னு காட்டுங்க. பேச வேணாம், காட்டுங்க போதும்."

"வேணாம்" என்றார் அவர், ரொம்பப் பொறுப்பாக.

ஸ்பிரிங்கை அவருடைய இடது கையில் வைத்தாள். அது நழுவிப் படுக்கையில் உருண்டது. உறிஞ்சு குழாயை வைத்தாள். அதன் கனத்தில் கை சரிந்தது. பல்சக்கரத்தை வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. அவள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. இன்னும் இறுக்கினார். கண்ணை அகல விரித்து, "வேணாம்! வேணாம்!" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பம்ப்பா? பம்ப்புதானே?" என்று அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இருக்கீங்க. உள்ள இருக்கீங்க நீங்க." அன்று அவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். மகளிடம் பழைய சண்டைக் கதைகளை எல்லாம் சொன்னாள். அவர் விழுந்த பிறகு அந்த வீட்டில் விளக்கு எரிந்த மாதிரி இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

மறுநாள் இருவரும் நாள் முழுக்க மல்லுக்கட்டினார்கள். சங்கிலியில் எஞ்சின் தொங்கியது. ஊற்றிய ஆயிலை எல்லாம் வடித்தார்கள். அடித் தொட்டியைக் கழற்றி, படுத்துக்கொண்டே கைவிட்டு, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்டப் பம்ப்பை இறக்கினார்கள். அவள் அதை மேசைமேல் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையம் கிழியவில்லை, நசுங்கவில்லை. கடைசியில் ஒரு வாளி ஆயிலுக்குள் பம்ப்பை முக்கி, தண்டைக் கையால் திருகினாள். பம்ப் விசையோடு ஆயிலைத் துப்பியது. வெல்டரின் சட்டை நனைந்தது. நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்திருக்கவேண்டிய இடம்.

"அண்ணன் பம்ப்புன்னாரே" என்றான் அவன், தாழ்ந்த குரலில்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார்கள். முதல்முறையாக எஞ்சினின் உள்சாமானை அவள் தன் கையால் ஸ்பேனர் பிடித்து மாட்டினாள். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

வீட்டுக்குப் போனபோது மகள் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கதவருகே தூணோடு சாய்ந்து நின்று, நடந்ததைச் சொன்னாள். மகள் ஸ்பூனை எடுத்து அப்பாவின் இடது கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

"இழுத்துப் பாரும்மா."

இழுத்தாள். விடவில்லை. "வேணாம்! வேணாம்!" என்றார், அதே விரிந்த கண்களோடு.

மகள் பக்குவமாக விரல்களைப் பிரித்து, சீப்பை வைத்தாள். அதையும் பிடித்துக்கொண்டார். டீவி ரிமோட்டை வைத்தாள். அதையும்.

"கைக்கு அடக்கமா எது பட்டாலும் இப்படித்தான் பிடிச்சுக்குவாரும்மா. நீ கொட்டகைக்குப் போற நாள்ல நான்தானே லீவு போட்டுக் கூட இருக்கேன், உனக்குத் தெரியாது. நேத்து நீ சந்தோஷமா இருந்தே. எனக்குச் சொல்ல வாய் வரல."

டாக்டரம்மா போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்தும் மூடவில்லை. இத்தனை நாளும் அவர் உள்ளே எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார், கதவு மட்டும்தான் பூட்டிக்கொண்டது என்று நினைத்திருந்தாள். வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஆளே இல்லையென்றால் அவள் யாருக்குச் சோறு ஊட்டுகிறாள், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்?

மறுநாள் காலை தனியாகவே கொட்டகைக்குப் போனாள். செத்துப்போன மனசோடு வேலை பார்க்கும்போது ஒரு வசதி உண்டு. எதற்கும் பயம் இருப்பதில்லை. பம்ப் துப்புகிறது. பாதை வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருப்பது ஃபில்டர் ஹெட் ஒன்றுதான். அது யார் மாட்டியது என்ற நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினாள். ஹெட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிறகு கையோடு வந்தது.

பின்னால் எஞ்சின் உடம்பில் இரண்டு துளைகள். ஒன்றில் ஆயில் மின்னியது. இன்னொன்றில், விரல் நுழைகிற ஆழத்தில், மஞ்சள் பூப்போட்ட துணி தெரிந்தது.

மூக்குக் குறடால் பிடித்து இழுத்தாள். சுருட்டித் திணித்த துணி முழுதாக வந்தது. பின்னாலேயே அடைந்து கிடந்த ஆயில் குபுக்கென்று வெளியே வந்தது. அவளுடைய வீட்டுப் பழைய தலையணை உறை. கொட்டகையில் துடைப்பதற்காக அவளே கிழித்துப்போட்டது. எஞ்சின் திறந்து கிடக்கும்போது தூசி போகாமல் இருக்க மெக்கானிக்குகள் துளைகளில் துணி வைப்பது வழக்கம்தான். மாட்டுவதற்கு முன்னால் எடுப்பதும் வழக்கம்தான். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

அவர் அதை மாட்டிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விழுவதற்கு வெகுநாள் முன்பு. கேட்ட ஸ்பேனரையே மறுபடி கேட்டார். கையில் வைத்துக்கொண்டே தேடினார். அவளைத் தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வயசாகுது கெழவனுக்கு" என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரிக்காமல், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தலை என்னமோ மாதிரி இருக்குடி" என்றார். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். துளையைப் பார்க்கவில்லை.

வெளியே வண்டிச் சத்தம். வெல்டரும் படகுக்காரரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். அவள் துணியை மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவில்லை.

படகுக்காரர் துணியைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"இது எப்படி உள்ள போச்சு? டாக்டரா..." என்று ஆரம்பித்தார். முகம் சுருங்கிவிட்டது. "டாக்டரா இதை விட்டுட்டு மாட்டினாரு?"

"இல்லண்ணே. நான்" என்றாள். "அவர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது நான்தான் இதை மாட்டினேன். துணி வச்சிருந்ததை மறந்துட்டேன்."

வெல்டர் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் குனிந்து, கீழே சிந்திய ஆயிலைத் துடைக்க ஆரம்பித்தான்.

படகுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஸ்டார்ட் பண்ணியிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்று மட்டும் அந்தச் சின்னக் குரலில் கேட்டார். "நடுக்கடல்ல ஆளுங்களோட போறப்ப நின்னிருந்தா?"

"தப்புத்தாண்ணே."

ஹெட்டை மாட்டி, செல்ஃப் அடித்தார்கள். முள் நடுங்கியது, நடுங்கியபடியே ஏறியது, ஏறி நின்றது. லீவரை விட்டார்கள். எஞ்சின் இரண்டு தடவை இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. வெல்டர் ஸ்குரூ டிரைவரை எடுத்து, எஞ்சின்மேல் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்டான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். "எஞ்சின் ஓடுதுங்க. ஃபில்டர் ஹெட்டுல துணி. நீங்க வச்ச துணி. எடுக்காம மாட்டிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசுகிற குரலில். பிறகு தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் அங்கிருந்த டாக்டரிடம் கேட்டாள். முன்னமே ஏதாவது அறிகுறி வருமா? பேர் மாத்திச் சொல்றது, மறதி, தலை ஒரு மாதிரி இருக்கறது?

"சில பேருக்கு முதல்ல சின்னதா வந்துட்டுப் போகும்மா."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "அதை இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார், அன்பாகத்தான். அந்த அன்பிலிருந்து அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றாள். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

படகுக்காரர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. தான் கேட்டதைச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் கச்சிதமாகத்தான் செய்திருந்தார், அந்தம்மா துணியை உள்ளே விட்டு மாட்டிவிட்டாள் என்று. துறையில் அது கைமாறி வாய்மாறிப் போனது. டாக்டரின் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவளிடம் மட்டும் யாரும் எஞ்சின் கொண்டுவரவில்லை. வெல்டர் அங்கேயே இருந்து ஏதாவது செய்யலாம் என்று பார்த்தான். முடியவில்லை. ஊர் விட்டு ஊர் பாலம் கட்டுகிற வேலைக்குப் போனான். கிளம்புகிற அன்று, "அண்ணி, அன்னிக்கு நீங்க சொன்னது..." என்று இழுத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி" என்றாள். சங்கிலியையும் தாங்கியையும் ஒரு பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். கொட்டகையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாள்.

பெரிய சாலையில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. மேஸ்திரி கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. "கழுவுறதோட சரிம்மா. மாட்டுற பக்கம் வராதீங்க. நான் கேள்விப்பட்டிருக்கேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "சரிங்க" என்றாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல். பட்டறைக்குப் போகவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் கிடந்தார், அவள் கீழே, கட்டிலை ஒட்டிப் பாய்போட்டுப் படுத்திருந்தாள். மத்தியானத்தில் அவருடைய இடது கை கட்டிலிலிருந்து தொங்கி, பாயின் ஓரத்தைத் தட்ட ஆரம்பித்தது. காரணமில்லாமல், நிறுத்தாமல், ஒரே சீராக. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நகர்த்தி, அந்தக் கைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். கை அவளுடைய நெற்றியில் தட்டியது. இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டு நின்றுபோனது. விரல்கள் அவள் முடியில் ஒரு கற்றையைப் பிடித்துக்கொண்டன. வலித்தது. பிரித்துவிடவில்லை. மகள் வந்து விளக்கைப் போடும்வரை அப்படியே கிடந்தாள்.